மஞ்சள் துணியில் கட்டிய துப்பாக்கி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைப்பாக்கம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் சுப்பராயன், வயது எழுபத்திரண்டு. அவர் மனைவி ராஜம்மா. மகன் அன்பு, ஒரகடத்துக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் இரண்டு பஸ்களின் சொந்தக்காரன். மாடியில் வாடகைக்கு இருக்கும் மாரிசெல்வி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ஐந்தாவது, தலைமைக் காவலர் ஐயனார்; அன்று சீருடையில் இல்லை, கட்டம் போட்ட சட்டையில் இருந்தார். இவர்களுக்கு நடுவே மேஜைமேல் துப்பாக்கி கிடந்தது.

இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தானும் அன்று அங்கே இருந்ததாகச் சொல்கிறவர்கள் இன்றைக்கு ஊரில் இருபது பேருக்குக் குறையாது. அந்தக் கூடத்தில் இருபது பேர் உட்கார இடம் கிடையாது.

துப்பாக்கி இரட்டைக்குழல். சுப்பராயனின் பாட்டனாருக்கு, அவர் பெயரும் சுப்பராயன்தான், ஏரிக்கரை நிலக்கடலையைப் பன்றி மேயாமல் காக்க லைசென்ஸ் கிடைத்தது. சுப்பராயன் சிறுவனாக இருந்தபோது பாட்டனார் சுட்டது பன்றியாகத்தான் இருந்தது. பேரனுக்குக் கல்யாணம் ஆனபோது அது சிறுத்தையாகியிருந்தது. இந்த வளர்ச்சியில் சுப்பராயனின் உழைப்பும் கொஞ்சம் உண்டு. நிலக்கடலை விளைந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய கிடங்கு நிற்கிறது. அங்கே பன்றி வந்தால் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி பதிவேட்டில் எழுதி உள்ளே விடுவான். ஆனாலும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் காரணம் என்ற கட்டத்தில் சுப்பராயன் 'பயிர்ப் பாதுகாப்பு' என்றே எழுதி வந்தார். வீட்டில் இருந்த பயிர் ஒரு கறிவேப்பிலை மரம்.

அவர் அந்தத் துப்பாக்கியால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சுட்டிருக்கிறார். குரங்கைக் குறி வைத்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓட்டையானது. துப்பாக்கி பின்னால் உதைத்ததில் விசைக்குக் கீழே இருக்கும் இரும்பு வளையம் அவருடைய வலது கை நடுவிரலை முறித்தது. விரல் கூடியது, ஆனால் கொஞ்சம் கோணலாக. குரங்கு அதற்குப் பிறகும் பல வருஷம் வந்துகொண்டிருந்தது.

துப்பாக்கியின் பெருமை அதன் குழலில் இருந்தது. கருப்பு என்று சொல்லிவிட முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்தால் கருப்புக்கு உள்ளே நீலம் ஓடும். சம்பந்தி வீட்டார் வந்தாலும் சரி, கேபிள்காரர் வந்தாலும் சரி, சுப்பராயன் அதை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டாமல் விட்டதில்லை. "பாத்தியா, நீலம் ஓடுது பாரு," என்பார். ஓடியதோ இல்லையோ, பார்த்தவர்கள் தலையாட்டினார்கள்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் துப்பாக்கியைக் குடை கொண்டுபோவதுபோலக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். சுப்பராயன் அப்படி அல்ல. நல்ல நேரம் பார்ப்பார். சந்தனம் உரைத்து, ஆயுத பூஜைக்குச் செய்வதுபோலவே, குழலில் மூன்று இடத்தில் மூன்று விரலால் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைப்பார். கடந்த பாராளுமன்றத் தேர்தலின்போது ஒரு படி மேலே போனார். புது வேட்டித் துணியை மஞ்சளில் நனைத்து எடுத்துப் போய், நிலையத்தில் எண்ணைச் சரிபார்த்துப் பதிவு செய்தவுடன், காவலர்கள் கண்ணெதிரிலேயே துப்பாக்கியைச் சுற்றிக் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். குடும்பத்துக்கு முத்திரை என்று ஒன்று இருந்ததில்லை. ஆகவே ஒரு ரூபாய்க் காசை அழுத்தினார்.

ஜூன் மாதம் கட்டு திரும்பி வந்தது. முத்திரை உடையாமல் இருந்தது. அதையே பெரிய வெற்றியாக எண்ணி, தம்பி குடும்பத்தையும் வரச்சொல்லி, எல்லார் முன்னாலும் பிரித்தார். உள்ளே நீலமும் இல்லை, கருப்பும் இல்லை. குழல் முழுக்கச் செம்மண் நிறத்தில் பூத்திருந்தது. மூன்று இடத்தில் துரு ஆழமாக இறங்கிப் பள்ளம் விழுந்திருந்தது. தம்பி மனைவி, "இது ஏதோ ஆணி பொட்டணம் மாதிரி கீதே," என்றாள்.

சுப்பராயன் சத்தம் போடவில்லை. மனு எழுதினார்.

ஸ்ரீபெரும்புதூரில் கோயில் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான்கு பக்கம் அடிக்கப்பட்டது. 'எனது பாட்டனார் காலம் தொட்டு மாசு மருவின்றிப் பாதுகாக்கப்பட்டு வந்த ஆயுதத்தை, மூன்று மாத காலத்தில் ஒரு நாளேனும் எடுத்துத் துடைக்காமல் நாசம் செய்த ஆயுத அறைப் பொறுப்பாளர் தலைமைக் காவலர் ஐயனார் மீது' நடவடிக்கை கோரும் மனு. மேலதிகாரிகளுக்கும் அவர்களுடைய மேலதிகாரிகளுக்குமாக எட்டு நகல்கள் போயின. அடித்துக் கொடுத்த பெண், "துருவுக்கு நாலு பக்கமா சார்?" என்றாள். "மானத்துக்கு," என்றார் சுப்பராயன்.

மனு போய்விட்டது. துப்பாக்கி அப்படியே இருந்தது. அக்டோபரில் ஆயுத பூஜை. உறவுக்காரர்கள் எல்லாம் வருவார்கள். துப்பாக்கிதான் பலகையின் நடுவில் இருக்கும். அதற்குள் பழைய நிறத்தைக் கொண்டுவர என்ன வழி என்று சுப்பராயன் விசாரிக்கப் புறப்பட்டார்.

முதல் வழியைச் சொன்னவன் அன்பு. "இன்னாத்துக்குப்பா அலையற? ஆன்லைன்ல ஒரு பாட்டில் கீது. துணில தொட்டுத் தேச்சா கருப்பாயிடும்." பாட்டில் வந்தது. மானமுள்ள துப்பாக்கியில் நேராகச் சோதனை செய்ய மனம் வராததால், சுப்பராயன் ராஜம்மாவின் அரிவாள்மணையை எடுத்துத் தேய்த்தார். அது இரண்டு நிமிடத்தில் நாட்டுக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. மறுநாள் தேய்த்துக் கழுவியதில் பாதி போய், மீதி திட்டுத் திட்டாக நின்றது. பாட்டிலின் பின்புறத்தில் மண்டையோடு போட்டிருப்பதை ராஜம்மாதான் முதலில் பார்த்தாள். அரிவாள்மணையைக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு வந்து, "அடுத்து எந்த சாமான எடுக்கப் போறீங்கன்னு சொல்லிட்டா, ஒளிச்சி வச்சிக்கினு வேலையப் பாப்பேன்," என்றாள்.

இரண்டாவது வழி ஒரகடத்தில் இருந்தது. அங்கே கார்முகில் என்பவர் வண்டிக் கம்பெனிகளுக்குப் போல்ட்டும் நட்டும் கருப்பாக்கிக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். கொதிக்கும் காரத் தொட்டியில் கூடை கூடையாகப் போல்ட்டுகளை இறக்கி, கால் மணியில் கன்னங்கரேலென்று எடுத்தார்கள். உரிமம் இல்லாத பட்டறைக்குத் துப்பாக்கியை எடுத்துப் போகக் கூடாதென்பதால் சுப்பராயன் போனில் படம் மட்டும் கொண்டுபோயிருந்தார். கார்முகில் படத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயா, லைசென்ஸ் இல்லாதவன் இதைத் தொட்டா நேரா உள்ளதான். அது ஒண்ணு. இன்னொண்ணு, இது ரெட்டைக் குழல். நடுவுல ஈயம் வச்சி ஒட்டியிருப்பான். எங்க தொட்டில போட்டா ஈயத்தைத் தின்னுடும். ஒண்ணா போறது ரெண்டா வரும்."

ஒரு துப்பாக்கியைக் கொடுத்து இரண்டு வாங்கிக்கொள்ளும் இந்த வழி சுப்பராயனுக்கு ஒரு கணம் கம்பீரமாகத்தான் பட்டது. இரண்டாவதற்கு லைசென்ஸ் கிடையாது என்பது பிறகு நினைவுக்கு வந்தது.

மூன்றாவது வழி சென்னையில், பழுதுபார்க்க உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில். லைசென்ஸ் புத்தகத்தைச் சட்டைப்பையிலும் துப்பாக்கியை உறையிலுமாக அன்புவின் காரில் போனார்கள். பழுதுபார்ப்பவர் பெயர் ஸ்ரீதர். குழலைக் கழற்றி, விளக்கடியில் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"பழைய மாதிரி வரணும்னா ஒரே வழிதான் சார். நாமளே துருப் பிடிக்க வைக்கணும்."

"என்னது?"

"பழைய கோட்டிங்கை எடுத்துட்டு, ஆசிட் தடவி, ஈரமான பெட்டியில வச்சா மெல்லிசா துரு பூக்கும். கொதிக்கிற தண்ணியில போட்டா அந்தத் துரு கருப்பாயிடும். கம்பிப் பஞ்சால மெதுவா தேய்க்கணும். மறுபடியும் துரு, மறுபடியும் கொதி. எட்டு தடவை, பத்து தடவை. ரெண்டு வாரம் ஆகும். உங்க பாட்டனார் வாங்கினப்ப இருந்த நீலமும் இப்படி வந்ததுதான்."

இத்தனை வருஷம் ஜன்னலருகே சாய்த்துச் சாய்த்துக் காட்டியது பக்குவமாகப் பிடித்த துருவைத்தான் என்று கேட்டபோது சுப்பராயனுக்குக் கொஞ்சம் முதுகு வளைந்தது. உடனே நிமிர்த்திக்கொண்டார்.

"இந்தப் பள்ளமெல்லாம்?"

"அது போகாது. அது போற அளவுக்குத் தேய்ச்சா, குழல் மேல இருக்கிற நம்பரும் சேர்ந்து போயிடும். நம்பரை அழிக்கிற வேலையை நான் செய்யறதில்லை." ஸ்ரீதர் ஒரு பள்ளத்தின்மேல் விரலை ஓட்டினார். "இது தானா பிடிச்ச துரு மாதிரி தெரியலையே சார். மூணு மூணு கோடா இருக்கு. யாரோ வேணும்னே இழுத்த மாதிரி இருக்கு."

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. சாட்சிப் பொருள் என்று சொல்லித் துப்பாக்கியை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். இரண்டாவது மனுவில், 'மேற்படி கோடுகள் தற்செயலானவை அல்ல, ஒரு கையால் வேண்டுமென்றே இழுக்கப்பட்டவை என்பது நிபுணர் கருத்து. அந்தக் கை யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும்,' என்று எழுதினார். எட்டு நகல். அவர் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இரண்டாவது மனுவுக்குப் பலன் கிடைத்தது. விசாரணை என்று ஒரு கோப்பு திறந்தார்கள். அதனால் பதவி உயர்வுப் பட்டியலில் ஐயனாரின் பெயர் நிறுத்தி வைக்கப்பட்டது. இருபத்தைந்து வருஷச் சர்வீஸ்; அந்த முறை தோளில் நட்சத்திரம் ஏற வேண்டியது. தெரிந்தவர் ஒருவர் சுப்பராயனிடம் இதைச் சொன்னபோது, அவர், "ஆயுதம்னா சும்மாவா," என்றார்.

செப்டம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயனார் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு நின்றுகொண்டே, "துப்பாக்கியை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன் ஐயா. மனுல என்னென்னவோ எழுதியிருக்கு, நான் பொருளையே பாக்கல," என்றார்.

"பாக்காததுதான் குத்தம்," என்றார் சுப்பராயன். ஆனாலும் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

ஐயனார் பார்த்தார். முகம் சின்னதாகிவிட்டது. "அதே ரேக்குல இன்னும் பதினோரு துப்பாக்கி இருந்துச்சு ஐயா. எதுக்கும் ஒண்ணும் ஆகல."

"அதெல்லாம் சாதாரணத் துப்பாக்கி."

"அப்பா," என்றான் அன்பு.

அந்த நேரத்தில்தான் மாடிப்படியில் மாரிசெல்வி இறங்கி வந்தாள். கையில் ஒரு குழாய்த் திருகு. துருவேறி, பாதி தின்னப்பட்டு, பிடி கழன்றிருந்தது. "தாத்தா, இது மூணாவது. போன மாசம் மாத்தினது. நான் மெயின்டெயின் பண்ணலன்னு மறுபடி சொல்லாதீங்க, நீங்களே பாருங்க," என்று சொல்லிக்கொண்டே மேஜைமேல் வைத்தாள். வைத்த பிறகுதான் துப்பாக்கியைக் கவனித்தாள். திருகைப் பார்த்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே துருல்லா," என்றாள்.

"கொஞ்சம் மரியாதையா பேசு. இது எங்க பாட்டனார் கை பட்ட துப்பாக்கி."

"துருவத்தான் சொன்னேன் தாத்தா, பாட்டனார இல்ல. இதுக்கு ஒய்-ஒய் போட்டாச்சா?"

அன்பு சிரித்துவிட்டான். கம்பெனிகளில் ஒரு பொருள் கெட்டால், அடிக் காரணம் தெரியும்வரை ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுக் காகிதத்தில் எழுதுவதற்கு ஒய்-ஒய் என்று பெயர். "எங்க அப்பாகிட்ட இதுவரைக்கும் யாரும் ஒரு ஏன்கூட கேட்டதில்ல," என்றான்.

"கேக்கட்டும்," என்றார் சுப்பராயன். ஐயனார் மாட்டப்போகிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி. ஏன் துரு வந்துச்சு? ஈரம். எங்க இருந்து ஈரம்? ரூம்ல இருந்துன்னா மத்த பதினொண்ணுக்கும் வந்திருக்கணும். அப்ப ஈரம் கட்டுக்குள்ள இருந்திருக்கு. ஏன்?"

சமையலறை வாசலில் இருந்து ராஜம்மா சொன்னாள்: "துணி காயலியே. மஞ்சத் தண்ணில நனைச்சி கொடியில போட்டேன். பத்தரைக்கு நல்ல நேரம் முடியுதுன்னு புழிஞ்சி எடுத்துக்கினு ஓடினாரு. வழியெல்லாம் சொட்டிச்சி."

"ராஜம்மா, உன்னை யாரு கேட்டா?"

"ஆச்சி சொல்லட்டும் தாத்தா. ஈரத் துணின்னாலும் மறுநாள் பிரிச்சிருந்தா இவ்வளவு ஆயிருக்காது. மூணு மாசம் ஏன் யாரும் பிரிக்கல?"

எல்லாரும் ஐயனாரைப் பார்த்தார்கள். சுப்பராயன் எல்லாரையும்விட ஆவலாகப் பார்த்தார்.

ஐயனார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அன்னிக்கே கேட்டேன் ஐயா. துணி ஈரமா இருக்கே, நடுவுல பிரிச்சி எண்ணெய் போடட்டுமான்னு. ஐயா அரக்கு உருக்கிக்கிட்டு இருந்தீங்க. 'இந்த முத்திரைய எவன் தொட்டாலும் கோர்ட்டுல பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. பதிவேட்டுலயும் எழுதச் சொன்னீங்க. எழுதியிருக்கேன். உங்க கையெழுத்து இருக்கு."

சுப்பராயனுக்கு நினைவிருந்தது. அந்த வாக்கியத்தை அவர் மிகவும் ரசித்துச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு பேரிடம் திரும்பவும் சொல்லியிருந்தார். இப்போது நாற்காலியின் சாய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருக்கட்டும். அந்தக் கோடு? அது வேணும்னே இழுத்தது. நிபுணர் சொல்லியிருக்கார். அது யார் கை?"

மாரிசெல்வி குனிந்து பார்த்தாள். குழலில் மூன்று இடம். ஒவ்வொன்றிலும் மூன்று கோடு, மூன்றும் சேர்ந்து ஒரு பட்டை. ஓரக் கோடுகள் இரண்டும் நேராகப் போயின. நடுக்கோடு மட்டும் பாதியில் இடது பக்கம் வளைந்தது. மூன்று இடத்திலும் அதே வளைவு. அவள் தன் மூன்று விரலை மேலே வைத்தாள். மெல்லிய விரல்கள், பொருந்தவில்லை. "அன்பண்ணே, நீங்க வைங்க." அன்பு வைத்தான். பொருந்தவில்லை. ஐயனார் கேட்காமலேயே முன்னால் வந்து வைத்தார். அவர் விரல்கள் பெரியவை. கோட்டைத் தாண்டி நின்றன. ராஜம்மா வைக்கவில்லை. கணவரின் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, நீங்க ஒரு தடவ."

"நான் எதுக்கு?"

"எல்லாரும் வச்சாச்சு. லைன்ல ஒரு ஆள விட்டா ரிப்போர்ட் ஒத்துக்க மாட்டாங்க."

சுப்பராயன் எழுந்தார். சட்டைக் கையை மேலே தள்ளிக்கொண்டார். மூன்று விரலையும் குழலின்மேல் வைத்தார். ஆள்காட்டி விரல் முதல் கோட்டிலும், மோதிர விரல் மூன்றாவது கோட்டிலும் போய்ப் படிந்தன. முறிந்து கூடிய நடுவிரல், கோணலும் மாணலுமாக நடுப்பள்ளத்தில் அச்சில் வார்த்ததுபோல உட்கார்ந்தது. அடுத்த பட்டையிலும் வைத்துப் பார்த்தார். மூன்றாவதிலும் வைத்தார். அந்தத் துப்பாக்கி அவர் விரலை ஒரு தடவை முறித்தது. அந்த விரலைத் தன்மேல் எழுதியும் வைத்துக்கொண்டது.

மாரிசெல்வி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "சந்தனம் எந்தத் தண்ணில உரசுதீங்க தாத்தா?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் இருந்தது ஒரே ஆழ்துளைக் கிணறு. அதன் தண்ணீர் உப்பு என்று அவள் ஒரு வருஷமாகச் சொல்லி வந்தாள். இளநீர் மாதிரி இருக்கும் தண்ணீரை உப்பு என்று சொல்ல நாக்கு கூச வேண்டும் என்று அவரும் ஒரு வருஷமாகச் சொல்லி வந்தார். திருகு அவர் கண்ணெதிரே துப்பாக்கிக்குப் பக்கத்தில் கிடந்தது. இரண்டிலும் ஒரே செம்மண் நிறம்.

"அஞ்சாவது ஏன் முடிஞ்சிச்சு," என்றான் அன்பு.

சுப்பராயன் கையை எடுத்தார். விரலில் துரு ஒட்டியிருந்தது. துண்டில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, "ஏட்டு, உக்காருங்க," என்றார். ஐயனார் உட்கார்ந்தார். "ராஜம்மா, காப்பி கொண்டா. கேன் தண்ணில போடு."

காப்பி குடித்து முடித்த பிறகு ஐயனார்தான் பேச்சை எடுத்தார். "ஒரு லெட்டர் குடுத்துட்டீங்கன்னா போதும் ஐயா. சமாதானமா போயிட்டோம், மேற்கொண்டு விசாரணை வேணாம்னு ரெண்டு வரி. எல்லாரும் அப்பிடித்தான் குடுப்பாங்க. உங்க கௌரவத்துக்கும் ஒண்ணும் ஆகாது."

அன்பு உடனே, "கரெக்டுப்பா. அப்படியே குடுத்துடு. யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல," என்றான்.

அந்த இரண்டு வரியைச் சுப்பராயன் மனதுக்குள் எழுதிப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. பெருந்தன்மையாகக்கூட இருந்தது. அதைப் படிக்கிறவன், இந்தப் பெரியவர் ஒரு ஏழைக் காவலரை மன்னித்திருக்கிறார் என்றுதான் நினைப்பான். செய்யாத தப்புக்கு மன்னிப்பும் வாங்கிக்கொண்டு, அந்த மன்னிப்பைக் கோப்பில் வைத்துக்கொண்டு ஐயனார் ஓய்வு பெற வேண்டும்.

"சமாதானம்னா பாதித் தப்பு உங்களுதுன்னு ஆகும் ஏட்டு," என்றார். "பாதி உங்களுது இல்லை."

மறுநாள் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு, நான்கு பக்கத்துக்குத் தயாராக உட்கார்ந்தாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: 'ஐயா, துப்பாக்கி துருப்பிடித்ததற்குக் காரணம் நான். ஈரத் துணியில் கட்டியவன் நான். உப்புத் தண்ணீரில் சந்தனம் உரைத்துப் பூசியவன் நான். பிரிக்கக் கூடாது என்று முத்திரை வைத்தவன் நான். தலைமைக் காவலர் ஐயனார் எச்சரித்தார், நான் கேட்கவில்லை. என் இரண்டு மனுக்களும் தவறானவை.' பெண் அடித்து முடித்துவிட்டு, இன்னும் வரும் என்று காத்திருந்தாள்.

"அவ்வளவுதான்மா."

"எத்தனை காப்பி சார்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவருக்குச் சிறிது நேரம் ஆனது. வாசலில் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போகும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு," என்றார். "போன தடவை யார் யாருக்குப் போச்சோ, அவங்களுக்கெல்லாம்."

துப்பாக்கி மறுபடி ஸ்ரீதரிடம் போனது. ஸ்ரீதர், "யார் இழுத்ததுன்னு தெரிஞ்சுதா சார்?" என்று கேட்டார். சுப்பராயன் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்தார். ஸ்ரீதர் அந்த நடுவிரலைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், வேறொன்றும் கேட்காமல் ரசீது எழுதினார். துருப் பிடிக்க வைத்து, கொதிக்க வைத்து, தேய்த்து, மறுபடி துருப் பிடிக்க வைத்து, பதினாறு நாளில் கொடுத்தார். நிறம் வந்துவிட்டது. சாய்த்தால் நீலம் ஓடியது. நீலத்துக்கு அடியில் மூன்று இடத்தில் சுப்பராயனின் விரல்களும் ஓடின.

ஆயுத பூஜைக்கு உறவுக்காரர்கள் வந்தார்கள். பலகையின் நடுவில் துப்பாக்கி. மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, வேறெதுவும் இல்லை. சந்தனத்தையும் குங்குமத்தையும் ராஜம்மா லைசென்ஸ் புத்தகத்தின் அட்டைக்கு வைத்தாள். தம்பி மனைவி குழலைத் தடவிப் பார்த்து, "இந்தக் கோடு இன்னா மாமா, டிசைனா?" என்று கேட்டாள். சுப்பராயன் இருமினார். மாரிசெல்வி பொரி வாங்க மாடியிலிருந்து இறங்கி வந்தவள், "கையெழுத்துக்கா," என்று சொல்லிவிட்டுப் பொரியோடு மேலே போனாள். மாடியில் இப்போது பிளாஸ்டிக் குழாய்கள்.

அடுத்த பட்டியலில் ஐயனாரின் பெயர் வந்தது.

இதற்குப் பிறகுதான் ஊரில் அந்தப் பேச்சு கிளம்பியது. சுப்பராயன் மனுவைத் திரும்ப வாங்கியது போலீஸ் மிரட்டியதால் என்றும், ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் மாலைவரை உட்கார வைத்தார்கள் என்றும், வாயை அடைக்க அவர்கள் செலவிலேயே துப்பாக்கிக்கு நிறம் ஏற்றிக் கொடுத்தார்கள் என்றும் மணிமங்கலம் வரைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். கேட்கிறவர்கள் சுப்பராயனைப் பரிதாபமாகவும் மரியாதையாகவும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்காமலும் இல்லை.

ஆனால் அது உண்மை அல்ல. யாரும் மிரட்டவில்லை. ஜீப் எதுவும் வரவில்லை. ஐயனார் தன் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். நிறம் ஏற்றியது சுப்பராயனின் செலவு. துரு சுப்பராயனின் வேலை.